ஹூஸ்டன் தொப்பியும் சோற்றுப் பானை மூடியும்

கண்டியில் லியோனைத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஒருமுறை அவரிடம் மாட்டிக்கொண்டவர் எவரும் அவரை மறந்ததில்லை. கல்விக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். வயது ஐம்பத்தாறு. கோபம் வந்தால் மீசை மட்டும் ஆடும், மற்றபடி தங்கமான மனிதர். குடியில்லை, சீட்டாட்டமில்லை, ஊர்வம்பில்லை. இருந்தது ஒரே ஒரு வியாதிதான். அமெரிக்கப் பேஸ்போல் பற்றி அவருக்கு அபிப்பிராயங்கள் இருந்தன.

அபிப்பிராயம் வைத்திருப்பது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். கிரிக்கெட் பற்றி என்றால் குற்றமில்லை. இந்த நாட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடக் கிரிக்கெட் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. பேஸ்போலைக் கட்டிக்கொண்டு அம்பிட்டியவில் ஒரு மனிதர் யாரிடம் போய்ப் பேசுவார்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசிப் பார்த்தார். அந்த மனிதர் தன் வீட்டுக்கு மூன்று தரிப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்து போய்விட்டார். கந்தோரில் பேசிப் பார்த்தார். "அது நம்ம எல்லே மாதிரித்தானே லியோன் அண்ணே? சித்திரை வருஷத்துக்கு கிரவுண்ட்ல வெளையாடுவாங்களே?" என்று ஒரு கிளாக்கர் கேட்டு வைத்தார். அன்று மீசை ஆடியது. பகல் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவுக்கும் லியோன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பேஸ்போல் மட்டையைப் பிடித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஜப்பானிலிருந்து வந்திருந்த தொண்டர் ஒருவர் அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார். பந்து வந்ததும் லியோன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டதைப் பார்த்த அந்த நல்ல மனிதர், மட்டையை மெதுவாக வாங்கிக்கொண்டு கையில் ஸ்கோர் புத்தகத்தைக் கொடுத்தார். அன்று பிடித்த பென்சிலை லியோன் இன்னும் கீழே வைக்கவில்லை. இப்போது மடிக்கணினியில் ஆட்டம் ஓட ஓட ஒவ்வொரு பந்தையும் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்வார். அங்கே சனிக்கிழமை இரவு விளையாடினால் இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. அதனால் காலைப் பூசைக்குப் போக மாட்டார், மாலைப் பூசைக்குத்தான் போவார். பாதர் கேட்டதற்கு, "ஆண்டவருக்கு நேர வித்தியாசம் தெரியும் பாதர்" என்று சொல்லிவிட்டார்.

அபிப்பிராயங்களைக் கேளுங்கள். ஊசி போட்டு உடம்பை ஊதவைத்து ஹோம் ரன் அடித்தவர்களைப் புகழ் மண்டபத்தின் வாசற்படியில்கூட நிற்கவிடக் கூடாது. மைதானம் முழுக்கப் பந்தயக் கம்பனி விளம்பரத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பந்தயம் கட்டினான் என்று ஆட்டக்காரனை விரட்டுவது எந்த ஊர் நியாயம்? இத்தனை வினாடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்று மணிக்கூடு வைத்தது மகா பாவம். முன்பு மூன்று மணித்தியாலத்துக்கு மேலே ஓடிய ஆட்டம் அதனால் அரை மணித்தியாலம் சுருங்கிப் போயிற்று. இந்த வருஷம் வந்த புது விதியோ அதைவிட மோசம். அம்பயர் சொன்ன தீர்ப்புப் பிடிக்காவிட்டால் ஆட்டக்காரன் உடனே தன் தலையில் தட்டிக் காட்டலாம். யாரையும் கேட்கக் கூடாது, தன் பக்கத்து ஆட்களைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. தட்டியதும் இயந்திரம் சோதித்துப் பார்க்கும். அம்பயர் பிழை என்றால் எல்லார் முன்னாலும் தீர்ப்பை மாற்ற வேண்டும். "அம்பயர் சொன்னா சொன்னதுதான். பிழையா சொன்னாலும் அது அவர் சொன்ன பிழை" என்பது லியோனின் கட்சி.

எல்லாவற்றுக்கும் மேலே ஹூஸ்டன். இரண்டாயிரத்துப் பதினேழில் அந்த அணிக்காரர்கள், எதிரணி விரலால் காட்டும் இரகசியச் சைகையைக் கமராவில் பார்த்துக்கொண்டு, மட்டை பிடித்து நிற்கும் தங்கள் ஆளுக்குத் துப்புக் கொடுக்க ஒரு குப்பைத் தொட்டியைத் தட்டினார்கள். தட்டினால் வளைந்து வரும் பந்து, தட்டாவிட்டால் வேகப் பந்து. அந்த வருஷம் கோப்பையும் அவர்களுக்கே. பிறகு குட்டு வெளிப்பட்டபோது பெரியவர்கள் இரண்டு பேரை ஒரு வருஷம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள், தண்டம் அறவிட்டார்கள். கோப்பையைப் பறிக்கவில்லை. தொட்டியைத் தட்டிய ஒரு கைக்கும் ஒரு நாள் தடைகூட இல்லை. இதைச் சொல்லும்போது லியோனின் கண் கலங்கும். அந்த வருஷம் இறுதிப் போட்டியில் ஹூஸ்டனிடம் தோற்றது லொஸ் ஏஞ்சலஸ், அதாவது லியோனின் அணி, என்பதை அவர் சொல்ல மாட்டார். நான்தான் சொல்ல வேண்டும். அதே லொஸ் ஏஞ்சலஸ் காசைக் கொட்டி ஊரிலுள்ள நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போடுகிறது என்று யாராவது எழுதினால், அந்தப் பந்தியை மட்டும் லியோன் கண்ணாடி இல்லாமல் வாசிப்பார்.

இந்தப் பாலைவனத்தில் அவருக்கு இருந்த ஒரே துணை மகள் றொசானா. பன்விலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் டீச்சர், இருபத்தெட்டு வயது. ஞாயிறு காலையில் அம்மாவோடு குசினியில் நிற்பாள். இடையிடையே "இப்ப எத்தனையாவது இனிங்ஸ்ப்பா?" என்று குரல் வரும். மணிக்கூடு விதி வந்த வருஷம் அவள் முன்னறைக்கே வந்து, "ஆட்டத்த ஏன்ப்பா இப்பிடிச் சுருக்கினாங்க? வந்து நிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போகுது" என்று உண்மையான மனவருத்தத்தோடு கேட்டாள். லியோனுக்குப் புல்லரித்துப் போயிற்று. கண்டி மாவட்டத்தில், ஏன் மத்திய மாகாணத்திலேயே, தன் அபிப்பிராயத்தோடு ஒத்துப்போகும் ஓர் ஆத்மா தன் வீட்டிலேயே பிறந்திருக்கிறது! அதைக் கந்தோரில் நாலு பேரிடம் சொன்னார். நாலு பேரும் மகளுக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் திலக்ஷன் வந்தான். பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் பகுதியில் வேலை, வீடு கீழே தல்வத்தையில். அப்பா சேதுராமனுக்கு டவுனில் பித்தளைச் சாமான் கடை. றொசானாவை விரும்புகிறேன், முறையாகக் கேட்க வந்திருக்கிறேன் என்றான். லியோனுக்கு முதலில் அதிர்ச்சிதான். ஆனாலும் பையனைப் பார்க்கப் பிடித்துத்தான் இருந்தது. மதம் வேறு என்பதும் அவருக்கு ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் கண் போனது முழுக்கப் பையனின் தலைக்கு மேலே. அங்கே நடுவில் நட்சத்திரமும் அதற்கு மேலே ஓர் எழுத்துமாக ஒரு தொப்பி.

"தொப்பி எங்க வாங்கினீங்க தம்பி?" என்று கேட்டார்.

"டவுன்ல, பேமண்ட்ல அங்கிள். பாயிஸ் நானா கடையில. பேஸ்போல் தொப்பி வேணும்னு கேட்டு வாங்கினேன். உங்களுக்குப் புடிக்கும்னு றொசானா சொன்னா."

"அது எந்த டீம் தொப்பின்னு தெரியுமா?"

திலக்ஷன் பாவம், நன்றாகப் பாடமாக்கிக்கொண்டுதான் வந்திருந்தான். தொப்பியை வாங்கிய பிறகு அந்த எழுத்தைத் தேடி, அந்த அணி இரசிகர்கள் எழுதியதை எல்லாம் ஒரு முழு இரவு படித்திருந்தான். "ஹூஸ்டன் அங்கிள். நல்ல டீம். அந்தக் குப்பைத் தொட்டி விஷயத்த ஆளுக்காள் பெருசாக்கினாங்க. எல்லா டீமும்தானே செஞ்சாங்க? இவங்க மாட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

மீசை ஆடியது. லியோன் குசினியில் நின்ற பெண்சாதி பக்கம் திரும்பி, "சுவர்ணா, தேத்தண்ணி வேணாம். தம்பி போறார்" என்றார்.

அதோடு கதை முடிந்திருந்தால் பரவாயில்லை. ஊர் விடுமா? லியோன் மதத்துக்காக மறுத்துவிட்டார் என்று ஒரு கூட்டம். இல்லை, சாதிக்காக என்று இன்னொரு கூட்டம். பாதர் வீடு தேடி வந்தார். வேறு மதத்தவரைக் கட்டுவதற்கு ஆயரிடம் அனுமதி வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றார். "மதம் ஒன்னுமில்ல பாதர். அவங்க சாமியும் நல்ல சாமிதான். ஆனா பையன் ஹூஸ்டன்" என்றார் லியோன். பாதர் சற்று யோசித்துவிட்டு, "தல்வத்தைன்னுதானே எனக்குச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

சேதுராமன் தொலைபேசியில் நேராகவே கேட்டார். "மதமா, சாதியா? எதுன்னாலும் சொல்லிடுங்க. நான் மனசுல வச்சுக்க மாட்டேன்."

"ரெண்டும் இல்லைங்க. குப்பைத் தொட்டி."

சேதுராமன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "எங்க கடைக் குப்பை ஒழுங்கா லொறிக்குப் போகுதுங்க. யாரு உங்களுக்கு என்ன சொன்னாங்களோ தெரியாது" என்று குரல் நடுங்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த நாளே கடை வாசலில் மூடி போட்ட புதுத் தொட்டி ஒன்று வைத்தாராம். பெண்சாதி அன்னலட்சுமிதான் கெட்டிக்காரி. மாத்தளையில் ஒரு பெண் பார்த்திருப்பதாகவும், வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாங்களே நேரில் வந்து லியோனின் கடைசி முடிவைக் கேட்பதாகவும், இல்லையென்றால் அன்று மாலையே மாத்தளைக்கு வெற்றிலை போகும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

றொசானா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "நீங்க சம்மதிக்காம நான் கட்டிக்க மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு எத்தனையாவது இனிங்ஸ் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். லியோனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு ஞாயிறாக ஸ்கோர் புத்தகத்தில் கோடு கோணலாகப் போயிற்று.

மூன்றாவது ஞாயிறு விடிந்தது. ஏழே முக்காலுக்கு லொஸ் ஏஞ்சலஸ் ஆட்டம் தொடங்கியது. ஒன்பது மணியளவில் சுவர்ணா குசினியில் இருந்து கூப்பிட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பேஸ்போல் பற்றி ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னங்க, அந்தக் குப்பைத் தொட்டி, குப்பைத் தொட்டிங்கிறீங்களே, அப்பிடி என்னதான் செஞ்சாங்க? வந்து ஒருக்கா வெளங்கச் சொல்லுங்களேன். பத்து மணிக்கு அந்த மனுஷர் கேட்டா நானும் ஏதாவது சொல்ல வேணாமா?"

கணவனின் வாயாலேயே முழுக்கச் சொல்ல வைத்து, இதெல்லாம் ஒரு காரணமா என்று நடுவில் பிடிக்கலாம் என்பது அவள் திட்டம். லியோனுக்கோ தலைகால் புரியவில்லை. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு கேள்வி! ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் குசினிக்குப் போனார். சோற்றுப் பானையின் பெரிய அலுமினிய மூடியை ஒரு கையில் எடுத்தார், மற்றக் கையில் அகப்பை.

"இது குப்பைத் தொட்டின்னு வச்சுக்கோ. நான் உள்ள ஒளிஞ்சிருக்கிறேன். வெளியில நம்ம ஆள் நிக்கிறான். அவனுக்கு மத்தப் பக்கம் என்ன செய்யப் போகுதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும். இப்ப பாரு."

"ஐயோ, மூடியைக் கீழ வைங்க" என்றாள் சுவர்ணா. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பொறு, பொறு. ஒரு தட்டு." டொங். "இப்ப அவனுக்கு வெளங்கிட்டுது."

"வெளங்கிட்டுது, எனக்கும் வெளங்கிட்டுது. வைங்கன்னு சொல்றேன்." அவள் அகப்பையைப் பிடுங்கப் பார்த்தாள். கேட்பவள் இப்படிப் பதறும் அளவுக்கு அந்த அநியாயம் அவளைத் தொட்டுவிட்டது என்று லியோனுக்கு ஒரே பெருமை.

"சில நேரம் ரெண்டு தட்டு." டொங், டொங்.

பின்கதவு திறந்தது. கையில் மீன் அடைத்த சூடான மாலு பான் பார்சலோடு திலக்ஷன் உள்ளே கால் வைத்து, "ஆன்ட்டி, அவர் ஒக்காந்துட்டாரா?" என்று இரகசியக் குரலில் கேட்டான்.

கேட்ட பிறகுதான் பார்த்தான், மூடியும் அகப்பையுமாக 'அவர்' எதிரே நிற்பதை.

 முன்னறையில் யாரோ ஒரு ஹோம் ரன் அடித்தார்கள். லியோன் திரும்பிப் பார்க்கவில்லை. மூடியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், மாலு பானைப் பார்த்தார், கடைசியில் சுவர்ணாவைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"நாலு வருஷமா" என்றாள் சுவர்ணா. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். நாலு வருஷம் சொன்ன பொய் போக மிச்சம் எதுவும் அவளிடம் இருக்கவில்லை.

விசாரணை அங்கேயே நடந்தது. லியோன் குசினிக் கதிரையில் உட்கார்ந்து கேட்கக் கேட்க, மூவரணிச் சதி முழுதும் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து ஞாயிறு காலையில் வரும் திலக்ஷன், கீழ் ஒழுங்கை வழியாக ஏறி வந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நிற்பான். சுவர்ணா ஒரு காதை முன்னறையில் வைத்திருப்பாள். ஆட்டம் நின்று விளம்பரப் பாட்டுத் தொடங்கினால் லியோன் தேத்தண்ணிக்கு எழும்புவார் என்று அர்த்தம். ஒரு தட்டு, அப்படியே நில். ஆட்டம் மறுபடி தொடங்கி அவர் உட்கார்ந்துவிட்டால் இரண்டு தட்டு, உள்ளே வா. இன்றைக்குப் பத்து மணிக்கு முன்னால் வர வேண்டாம் என்று சுவர்ணா சொல்லித்தான் இருந்தாள். கால் கேட்கவில்லை, பையன் வந்துவிட்டான்.

"அப்ப அந்தப் பல்லி?" என்றார் லியோன்.

சுவர்ணா தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் என்ன மூடிச் சத்தம் என்று லியோன் முன்பொரு நாள் கேட்டபோது, பல்லி விரட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதை நம்பி, பல்லி வராமல் இருக்க அவரே ஏணி வைத்து ஏறி, குசினி ஜன்னல் முழுக்க முட்டைக்கோதுகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவை இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாயிரத்துப் பதினேழாம் வருஷத்து ஆட்டங்களைப் போட்டுப் போட்டுக் கேட்டு, அமெரிக்காவில் எந்தப் பந்துக்குத் தொட்டி தட்டினார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறித்து வைத்த மனிதருக்கு, பத்தடி தூரத்தில் சொந்தப் பெண்சாதி காதில் பூச்சுற்றியிருக்கிறாள்.

"இந்த மாலு பான்?"

"நீங்க சாப்பிடுறதுதான்" என்றாள் சுவர்ணா. "பான் வண்டியில வாங்கினேன்னு சொல்லுவேன். எல்லாம் தம்பி கொண்டு வந்தது."

அது பெரிய அடி. நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தாவது இனிங்ஸில் இரண்டு மாலு பான் சாப்பிட்டு, நல்ல மாலு பான் என்று வாயாரப் பாராட்டியும் இருக்கிறார். களவில் தானும் பங்கு வாங்கியிருப்பது லியோனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்னைக்குத் தம்பி அந்தத் தொப்பியோட முன்படியில எறங்கி வரும்போதுகூட ஒரு தட்டு தட்டினேங்க" என்று சுவர்ணா மெல்லச் சொன்னாள். "பஸ் சத்தத்துல அவருக்குக் கேக்கல."

சத்தம் கேட்டு றொசானா அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். பத்து மணிக்கு வருகிறவர்களுக்காக நீலச் சேலை கட்டியிருந்தாள். லியோன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.

"மணிக்கூடு விதி வந்தப்ப ஆட்டத்த சுருக்கிட்டாங்கன்னு கவலப்பட்டியே. அது?"

றொசானா திலக்ஷனை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "அரை மணித்தியாலம் கொறஞ்சு போச்சுப்பா. இவர் வாறதுக்கும் போறதுக்குமே நேரம் சரியா இருந்துச்சு" என்றாள்.

லியோன் எழும்பி முன்னறைக்குப் போனார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினியை மூடினார். அப்பா என்ற மரியாதை போனதோ, குசினியில் ஏமாந்ததோ அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பது. ஆனால் இந்த ஊரில் தன் பேச்சைக் கேட்க ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்திருந்தாரே, அது இல்லை என்று ஆகிவிட்டது. அவள் கேட்டதெல்லாம் பையனுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கணக்குத்தான். நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது.

சரியாகப் பத்து மணிக்குச் சேதுராமனும் அன்னலட்சுமியும் படியிறங்கி வந்தார்கள். திலக்ஷனுக்கு உள்ளே வர முகமில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டான். உட்கார்ந்ததும் சேதுராமன், "எங்க கடை வாசல்ல இப்ப மூடி போட்ட தொட்டிங்க" என்று முதல் வேலையாகச் சொன்னார். 

அன்னலட்சுமி சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு பிள்ளைங்களும் விரும்புறாங்க. எங்களுக்கு உங்க வேதக் கோயில்ல, பாதர் முன்னால கட்டினாலும் சம்மதம். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நாங்க மாத்தளைக்குப் போறதா இல்லையான்னு முடிவு பண்ணிக்குவோம்."

றொசானா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் வந்து நின்றாள். லியோன் அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சரிவராதுங்க. நீங்க மாத்தளைக்கே போங்க."

சேதுராமன் பெருமூச்சு விட்டு எழும்பக் கை ஊன்றினார். சுவர்ணா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, றொசானா தட்டைப் பக்கத்தில் இருந்த அலுமாரி மேல் வைத்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, பின்கதவையும் பார்க்கவில்லை. அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டு, வலது கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் இரண்டு தடவை தட்டினாள்.

"தலைவலியா மகள்? கொஞ்சம் சித்தாலேப பூசும்மா" என்றாள் அன்னலட்சுமி.

அந்த அறையில் அது தலைவலி இல்லை என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். லியோன் கதிரையில் அப்படியே உறைந்து போனார். தீர்ப்புப் பிடிக்காவிட்டால் உடனே தலையில் தட்ட வேண்டும், யாரையும் பார்க்கக் கூடாது. அந்த விதியை அவர் ஒரே ஒரு தடவைதான் மகளுக்குச் சொல்லியிருந்தார். மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு அவள் இஸ்திரிப் பெட்டியால் சேலை மினுக்கிக்கொண்டிருந்தாள். அன்று ஞாயிறு இல்லை. தாங்கிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அந்த விதியால் பையனுக்கு ஒரு நிமிஷம்கூடக் கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. லியோன் அரை மணித்தியாலம் அந்த விதியைத் திட்டித் தீர்த்தார். அவள் நிமிராமல் "ம்... ம்..." என்று மட்டும் சொன்னாள்.

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள்.

லியோனின் கண்ணில் தண்ணீர் முட்டியது. மீசை ஆடியது, ஆனால் அது கோபத்தில் இல்லை. "இருங்க, எழும்பாதீங்க. சோதிக்க வேண்டியிருக்கு" என்று சேதுராமனிடம் சொன்னார். எதைச் சோதிப்பது என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை. குப்பைத் தொட்டியைத்தான் என்று நினைத்து, "தாராளமா வந்து பாருங்க" என்றார்.

லியோன் எழும்பிக் குசினிக்குள் போனார். ஜன்னலில் முட்டைக்கோதுகள் ஆடின. மேசையில் மாலு பான் பார்சல் பிரிக்காமலே இருந்தது. சோற்றுப் பானை மூடியை எடுத்தார். அகப்பையைத் தேடினார், காணவில்லை. சுவர்ணா பின்னால் வந்து பேசாமல் அதை அவர் கையில் கொடுத்தாள்.

டொங், டொங்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஒரு தடவை பட்டவன் இனி எந்தத் தட்டை நம்புவான்? லியோன் மறுபடியும் தட்டினார், கொஞ்சம் பலமாக. டொங், டொங். பிறகும் பொறுமை இல்லாமல் பின்கதவை அவரே திறந்தார். தாங்கிக்குப் பின்னால் நட்சத்திரம் போட்ட தொப்பியின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

"உள்ள வாங்க மருமகன்" என்றார். "தொப்பி வெளியிலயே இருக்கட்டும்."